விடும்மா!

லாண்டரி அக்கா கோபக்காரி என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் கோபம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே சலவைக்கூடத்தில் வேலை. ஐந்நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஆள் உயரத்துக்கு நாலு வாஷிங் மெஷின், மூன்று உலர்த்தும் டிரம், ஈர விரிப்பை இழுத்துச் சூட்டோடு தேய்த்துத் தள்ளும் உருளை மெஷின் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவள் பேசினால் வாயசைவுதான் தெரியும், சத்தம் கேட்காது. அழுக்கு மூட்டையைப் பிரித்தால் உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடி வரும், பல்செட்டு வரும், ஒருமுறை யாருடைய கல்யாண மோதிரமோ வந்தது. எல்லாவற்றையும் துடைத்து, எந்த வார்டு மூட்டை என்று பார்த்து, படியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு வார்த்தை நன்றி சொல்ல மாட்டார்கள். அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை.

சலவைக்கூடத்தின் பின்புறம் துணி காயப்போடும் முற்றம். முற்றத்துக்கு ஒரு கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் ஒரே டென்னிஸ் கோர்ட். காலையில் டாக்டர்களும் மற்ற ஊழியர்களும் அடிக்கிற பந்து வேலி தாண்டி வந்து, காயப்போட்ட வெள்ளை விரிப்பில் செம்மண் முத்திரை குத்திவிட்டு விழும். அக்கா திட்டிக்கொண்டே எடுத்து வீசுவாள். திட்டினாலும் வீச்சு மட்டும் குறி தப்பாது, கேட்டவர் கைக்கே போகும்.

அப்படித்தான் ஒருநாள் எக்ஸ்ரே கூப்பிட்டார். எக்ஸ்ரே எடுக்கிறவர், அதனால் எல்லாருக்கும் அவர் எக்ஸ்ரே. நல்ல ஆட்டக்காரர், அதை மறுக்க முடியாது. அன்றைக்கு நாலாவது ஆள் வரவில்லை.

“அக்கா, ஒரு பத்து நிமிஷம் வாங்களேன். ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா அந்த மூலையில நில்லுங்க, போதும்.”

அக்கா போய் நின்றாள். பத்து நிமிஷம் மூன்று வருஷம் ஆனது.

மூன்று வருஷமும் அவர் அவளுக்குச் சொன்னது ஒரே வார்த்தை. “விடும்மா!” இரட்டையர் ஆட்டத்தில் பந்து நடுவில் வந்தால், “விடும்மா!” அவள் வலது கைக்கு நேராக, அல்வா மாதிரி வந்தாலும், “விடும்மா!” என்று கத்திக்கொண்டே பின்னாலிருந்து பாய்ந்து வந்து அடித்துவிடுவார். அவளுக்கு வாய்த்தது தன் முறைக்குப் போடும் சர்வும், தனக்கென்று வரும் சர்வைத் திருப்பிப் போடுவதும்தான். அதுவும் திருப்பிப் போட்டதுமே “ஓரமா போம்மா!” வந்துவிடும். அவரோடு சேர்ந்து இரண்டு தடவை ஊழியர் போட்டியில் கோப்பை வாங்கினாள். இரண்டாவது தடவை பைனலில், சர்வையெல்லாம் கழித்துவிட்டு, தான் அடித்த பந்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்று. ஒரு மணி நேர ஆட்டத்தில் பதினோரு பந்து! காவலுக்கு நிற்கிற செக்யூரிட்டி கூட அதைவிட அதிகமாக அசைந்திருப்பான்.

கோப்பையைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தபோது, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற கணவர் துணியால் அதைத் துடைத்து அலமாரியில் நடுவாக வைத்தார்.

“அடுத்த வருஷம் அவரோட ஆடப் போறதில்லை” என்றாள் அக்கா.

“ஏன்? கப்பு வருதுல்ல? அப்புறம் என்ன?”

“எனக்குக் கப்பு வேண்டாம். பந்து வேணும்.”

அவர் அவளையே பார்த்தார். “விடு, இதுக்கெல்லாமா மனசைக் கெடுத்துக்கிறே” என்றார் ஆறுதலாக.

பாவம், நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வார்த்தையை அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

சும்மா இருந்துவிட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கோர்ட், ஆட ஆசைப்படுகிறவர் நிறைய. அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். வருஷப் போட்டிக்குப் பதினாறு ஜோடி பேர் கொடுக்கும். முதல் ரவுண்டைத் தாண்டுகிற எட்டு ஜோடிக்குத்தான் அடுத்த ஒரு வருஷத்துக்குக் காலை நேரம். தோற்ற ஜோடி வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். எக்ஸ்ரேயை விட்டுவிட்டு ஆடி, முதல் ஆட்டத்தில் தோற்றால் அக்காவுக்கு ஒரு வருஷம் கோர்ட் கிடையாது. நாற்பத்தாறு வயதில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை. முழங்கால் எத்தனை நாள் ஒத்துழைக்கும் என்று யார் கண்டது?

தெரிந்தேதான் போய் பேர் கொடுத்தாள். போட்டியை நடத்துகிற ஸ்டோர் அதிகாரி நோட்டைத் திறந்தார்.

“எக்ஸ்ரேயும் நீங்களும்தானே?”

“இல்லை. நானும் நெட்டையும்.”

நெட்டை என்பவள் சலவைக்கூடத்தில் உருளை மெஷின் ஓட்டுகிறவள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அக்காவைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு வருஷமாக முற்றத்துச் சுவரில் பந்தடித்துக் கொண்டிருந்தவள்.

“ரெண்டு பேரும் லாண்டரியா? ரெண்டு பேரும் பொம்பளையா?” ஸ்டோர்காரர் பேனாவை மூடினார். “எதிர்ல ஆம்பளைங்க இருப்பாங்கம்மா.”

“இருக்கட்டும். அவங்க படுக்கிற விரிப்பையும் நாங்கதான் துவைக்கிறோம்.”

பேனா திறந்தது.

அதற்கப்புறம் மூன்று மாதம். வேலை ஆரம்பிக்குமுன் ஒரு மணி நேரம் முற்றத்தில், துணிக்கொடியை வலை உயரத்துக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இருந்திருந்தாலும் அக்கா கேட்டிருப்பாள் என்று தோன்றவில்லை.

முதல் வாரமே ஒரு வில்லங்கம் வந்தது. இருவருக்கும் நடுவே பந்து வந்தால் யார் அடிப்பது? நெட்டை “எடு” என்று கத்துவாள், அக்காவுக்கு “விடு” என்று கேட்கும். அக்கா “விடு” என்பாள், நெட்டைக்கு “எடு” என்று விழும். காற்று அடித்தால் இரண்டும் ஒன்றுதான், வெறும் “டு!” மட்டும் வந்து சேரும். ஒருமுறை இருவரும் விட்டார்கள், பந்து நடுவில் ஹாய்யாக உருண்டு போனது. மறுமுறை இருவரும் எடுத்தார்கள். ராக்கெட்டும் ராக்கெட்டும் மோதி, நெட்டையின் சுண்டுவிரல் வீங்கிவிட்டது.

“ஏண்டி, நாலு வருஷமா எதிரும் புதிருமா நின்னு விரிப்பு மடிக்கிறோம். ஒரு தடவையாவது மோதியிருக்கோமா?” என்றாள் அக்கா.

மோதியதில்லை. அந்த இரைச்சலில் ஒருத்திக்கு ஒருத்தி உத்தரவு போட முடியாது. இவள் இரண்டு முனையைப் பிடிப்பாள், அவள் இரண்டு முனையைப் பிடிப்பாள், நடந்து வந்து சேர்வார்கள். சேர்கிற இடத்தில் யார் வாங்கிக்கொள்கிறாளோ அவள் தலையை ஆட்டுவாள், மற்றவள் கையை எடுப்பாள். “நீ விடு” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லும் வேலையே அதில் இல்லை.

அக்கா வீங்கின விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சட்டம் போட்டாள். “இனிமே நம்ம பக்கத்துல அந்த ரெண்டு வார்த்தையும் கிடையாது. யாருக்கு வேணுமோ அவ ‘என்னுது’ன்னு சொல்லணும். அவ்வளவுதான். உன்னுதுன்னோ வேண்டாம்னோ யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது.”

“ரெண்டு பேருமே என்னுதுன்னா?”

“முதல்ல சொன்னவ அடிக்கட்டும். லேட்டா சொன்னவ அடுத்ததுக்குச் சீக்கிரம் சொல்லிப் பழகட்டும்.”

அது சரியாகிவிட்டது. சரியாகாதது அக்காவின் இரண்டாவது சர்வ். முதல் சர்வ் வலையில் போனால், இரண்டாவதை அவள் அடிக்க மாட்டாள், தள்ளுவாள். துணிவண்டியைத் தள்ளுகிற மாதிரி, உள்ளங்கை முன்னால், முழங்கை விறைப்பாக. பந்து பயந்துகொண்டே போய், ‘வந்து அடியுங்க ஐயா’ என்று எதிராளி முன்னால் உட்காரும். இல்லையென்றால் அதுவும் வலையிலேயே விழும், பாயிண்ட் போய்விடும். நூறு போட்டாள், இருநூறு போட்டாள். தோள்தான் வலித்தது. “எனக்கு வராதுடி” என்று ஒருநாள் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று கூடையிலிருந்து ஈரத் தலையணை உறையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, ‘பட்’டென்று உதறிக் கொடியில் போட்டாள். இரண்டாவதை உதறினாள். மூன்றாவதை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உதறும்போது யாராவது துணியைத் தள்ளுவார்களா? முழங்கை மடங்கி மேலே போகிறது, கை தளர்ந்து வருகிறது, கடைசி நொடியில் முன்கை திரும்புகிறது. துணி படீர் என்கிறது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். உறையைக் கூடையில் போட்டுவிட்டு ராக்கெட்டை எடுத்தாள். பந்தைக் கொஞ்சம் தலைக்கு மேலாகவே தூக்கிப் போட்டு, கீழிருந்து மேலாகப் பந்தை உரசி உதறினாள். பந்து கொடிக்கு மேலே நல்ல உயரத்தில் போய், சட்டென்று இறங்கி, தரையில் பட்டதும் ஆள் தோள் உயரத்துக்கு எகிறியது. நெட்டை வாயைப் பிளந்தாள்.

“என்னக்கா அது?”

“வேலைடி. வேலை!”

அன்றைக்குத் துணி காயப்போடத் தாமதமானதற்குச் சூப்பர்வைசரிடம் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அக்காவுக்குக் காதில் ஏறவேயில்லை.

போட்டிக்கு முன்தினம் சீட்டுக் குலுக்கினார்கள். ஸ்டோர்காரர் எடுத்த முதல் சீட்டு லாண்டரி. இரண்டாவது சீட்டைப் பிரித்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். எக்ஸ்ரேயும், அவருடைய புது ஜோடி பிசியோதெரபிப் பெண்ணும்.

“அட கடவுளே” என்றாள் நெட்டை.

“நல்லதாப் போச்சு. தேடிப் போற வேலை மிச்சம்” என்றாள் அக்கா. சொன்னாளே தவிர, மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. யாரிடம் வேண்டுமானாலும் தோற்றுவிட்டு ஒரு வருஷம் வெளியே நிற்கலாம். இந்த மனுஷரிடம் தோற்றுவிட்டு நிற்பதா?

ஒரே செட். முதலில் ஆறு கேம் எடுக்கிற ஜோடி ஜெயிக்கும், இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். சலவைக்கூடம் முழுக்க வேலிக்குப் பின்னால் வந்து நின்றது. மற்ற ஊழியர்கள் சிரித்துக்கொண்டே கோர்ட்டைச் சுற்றி நின்றார்கள். எக்ஸ்ரே ராக்கெட்டைச் சுழற்றிக்கொண்டே, “வாங்கக்கா, வாங்க. சும்மா ஜாலியா ஆடுவோம்” என்றார். அதைக் கேட்டதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் “என்னுது!” “என்னுது!” என்று இரண்டு குரல் மாறி மாறிக் கேட்டது. வலையருகே நெட்டையின் கை எட்டாத பந்து இல்லை. அக்கா பின்னால் நின்று ஓடி ஓடித் திருப்பினாள். அந்தப் பக்கம் ஒரே குரல்தான். “விடும்மா! விடும்மா!” பிசியோ பெண் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அந்த நிற்பை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் அவள் நின்ற நிற்பு அது.

ஐந்தாவது கேம் முடிந்து இடம் மாறும்போது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, அண்ணன் நல்லாத்தானே ஆடறார்? நீங்க ஏன் அவரோட ஆடறதை விட்டீங்க?”

“நான் எங்கம்மா ஆடினேன்? அதான் விட்டேன்.”

அந்தப் பெண் பாட்டிலை மூடிவிட்டு, தான் ஒதுங்கி நின்ற ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றுக்கு மூன்று. ஏழாவது கேமில்தான் அந்தக் கேவலம் நடந்தது. நடுவில் வந்த பந்தைப் பார்த்து எக்ஸ்ரே “விடும்மா!” என்று கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்து அடித்தார். பந்து வலையைத் தாண்டி நேராக அக்காவிடம்தான் வந்தது, இரண்டே அடி தூரத்தில். அவர் சொன்னது அந்தப் பெண்ணிடம். கால் நின்றதோ அக்காவுக்கு! மரியாதையாக ஒதுங்கி, பந்துக்கு வழிவிட்டு நின்றாள். பந்து பக்கத்திலேயே குத்தி, வேலியில் போய் மோதியது.

“என்னக்கா, என்ன ஆச்சு?” நெட்டை ஓடிவந்தாள்.

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அழுகை இல்லை, ஆத்திரம். ஜோடியை மாற்றியாயிற்று, வார்த்தையை மாற்றியாயிற்று, சர்வை மாற்றியாயிற்று. இந்தப் பாழாய்ப்போன காலுக்கு யார் சொல்வது? எதிர்ப்பக்கத்திலிருந்துகூட அவர் சொன்னால் கேட்கிறதே! “சீ! வெட்கமா இல்லை உனக்கு?” என்று தன் தொடையிலேயே ஓங்கி ஒரு அறை விட்டாள். வேலி வரைக்கும் கேட்டது.

“அக்கா...”

“ஒண்ணுமில்லை. இனி அந்தாளு வாயைத் திறந்தா நான் ரெண்டு அடி முன்னாடி போவேன். பந்து எங்கே போனாலும் சரி. நீ பின்னாடி பார்த்துக்கோ.”

அப்படியே செய்தாள். “விடும்மா!” கேட்டதும் முன்னால் பாய்ந்தாள். இரண்டு தடவை பந்து தலைக்கு மேலே போனது, ஏமாந்தாள். மூன்றாம் தடவை பாய்ந்தபோது பந்து ராக்கெட்டிலேயே வந்து விழுந்தது, அவள் அதை எக்ஸ்ரேயின் காலடியில் குத்தினாள். சலவைக்கூடம் வேலியைப் பிடித்து உலுக்கியது.

ஆனாலும் நாலுக்கு ஐந்து என்று பின்தங்கினார்கள். அக்காவின் சர்வ் கேம். முப்பதுக்கு நாற்பது. இந்தப் பாயிண்ட் போனால் எல்லாம் முடிந்தது. முதல் சர்வ் வலையில் அடித்து விழுந்தது. இரண்டாவதுக்கு அவள் தள்ளுவாள் என்பது எக்ஸ்ரேக்கு மனப்பாடம். மூன்று அடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“என்னக்கா, உதறல் எடுக்குதா?”

“ஆமாண்ணே. உதறத்தான் வந்திருக்கேன்.”

பந்தைத் தூக்கிப் போட்டு, கையைத் தளரவிட்டு, உதறினாள். பந்து உயரப் போய், சட்டென்று இறங்கி, குத்தி எகிறி அவருடைய இடது தோளுக்கு ஏறியது. ராக்கெட்டின் விளிம்பில் பட்டு எங்கேயோ போனது. எக்ஸ்ரே ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பு அறுந்திருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

அந்தக் கேம் இவர்களுக்கே வந்தது, ஐந்துக்கு ஐந்து. ஆறுக்கு ஆறு. டை-பிரேக்குக்குப் போனது. முதலில் ஏழு பாயிண்ட் எடுக்கிற ஜோடிக்கு ஆட்டம். அக்காவின் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஐந்துக்கு ஆறு, மறுபடியும் இவர்கள்தான் பின்னால்.

பிசியோ பெண் சர்வ் போட்டாள். அக்கா திருப்பினாள், நெட்டை ஒன்று தடுத்தாள், எக்ஸ்ரே ஒன்று தடுத்தார். வலையை ஒட்டி நிற்கிற எக்ஸ்ரேயின் தலைக்கு மேலே அக்கா பந்தை உயரத் தூக்கினாள். அருமையான அடி. அவரால் எட்ட முடியாது, அந்தப் பெண் அடிக்கவும் அவர் விடமாட்டார். அதை நம்பித்தான் தூக்கினாள்.

எக்ஸ்ரே பின்னோக்கி ஓடிக்கொண்டே கத்தினார். “விடும்மா! விடும்மா! விடு!”

“என்னுது!”

இந்தக் குரல் நெட்டையுடையதில்லை. அக்காவுடையதும் இல்லை. சர்வ் போட்டதும் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே போய் நின்ற அந்தப் பெண் நாலே எட்டில் உள்ளே வந்து, எக்ஸ்ரே குனிந்து தலையைக் காப்பாற்றிக்கொள்ள, முழுக்கையையும் வீசி அடித்தாள். பந்து அக்காவுக்கும் நெட்டைக்கும் நடுவில் பாய்ந்தது. இருவரும் “என்னுது” என்று சொல்ல வாயைத் திறந்தார்கள். அதற்குள் பந்து வேலியில் இருந்தது.

முடிந்தது. தோற்றாயிற்று.

ஜெயித்த எக்ஸ்ரேதான் முதலில் வாய் திறந்தார், அதுவும் அந்தப் பெண்ணைப் பார்த்து, முகம் சிவக்க. “விடும்மான்னு அவ்வளவு கத்தறேன், காதுல விழலை?”

“விழுந்துச்சுண்ணே” என்றாள் அவள்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷம் போய்விட்டது, சும்மாவா? ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலைக்கு மேலே கையை நீட்டி அந்தப் பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்தாள். “நல்லா அடிச்சே. உன் பந்துதான் அது” என்றாள். எக்ஸ்ரேக்கும் கை கொடுத்தாள், குறை வைக்கவில்லை.

ஸ்டோர்காரர் மேஜையில் நோட்டை விரித்து, லாண்டரி ஜோடியின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா நொண்டிக்கொண்டே நேராக அங்கே போய் நின்றாள்.

“அடுத்த வருஷத்துப் பக்கத்தைத் திருப்புங்க. எங்க பேரை இப்பவே எழுதிக்கோங்க.”

“இப்பத்தானேம்மா தோத்தீங்க? ஒரு வருஷம் கோர்ட் கிடையாது. எங்கே போய் ஆடுவீங்க?”

“அது எங்க பாடு. நீங்க எழுதுங்க.”